துவக்கில் பூட்டிய ரோச்

17 ஆகஸ்ட், ஞாயிறு. கிரான்பர்ன்.

இன்று துவக்குக் கழகத்தில் என் மானம் ஒரு ரோச் லைற்றோடு சேர்ந்து உருண்டது. முதல் வெடியிலேயே, துவக்கின் குழலில் நான் பூட்டியிருந்த ரோச் கழன்று விழுந்து எல்லாருடைய காலுக்குள்ளும் ஓடியது. குறிக்காகப் பறக்கவிட்ட மண் தட்டுக்கு ஒரு கீறலும் இல்லை.

"பட்டப்பகலில தட்டுச் சுட உனக்கு ரோச் ஏனடாப்பா?" என்று கழகத்துச் சிவம் அண்ணை கேட்டார்.

"ராவில முயல் சுட அண்ணை" என்றேன். முன்வீட்டில் கள்ளன் புகுந்ததிலிருந்து எனக்கு நித்திரையே இல்லை. ஆனால் இந்த நாட்டில் துவக்கு வீட்டுக் காவலுக்கு என்று வாய் திறந்தால் லைசென்ஸே போய்விடும்.

வீட்டுக்கு வந்து துவக்கைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். பிறகு கராஜில் இருந்து ரோச்சைத் துவக்கில் பூட்டும் வளையத்தின் ஆணியை இறுக்கினேன். மனைவி தேத்தண்ணியோடு வந்தாள்.

"இனி விழாதோ?"

"விழாது. கள்ளன் வந்தால் முகம் வடிவாத் தெரியும்."

"முகம் தெரிய முதல் துவக்கை அல்லோ நீட்ட வேணும்? எங்கட பிள்ளையும் வேலை முடிஞ்சு இருட்டுக்குள்ள தானே வாறவள்."

பூட்டும் வளையத்தைக் குப்பையில் எறிந்துவிட்டு, ரோச்சைக் குசினி லாச்சிக்குள் கரண்டிகளோடு போட்டேன்.

இப்போதுதான் மகள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து, எங்களை எழுப்பக் கூடாதென்று லைற் போடாமல் பின்கதவால் வந்தாள்.

"Still awake, அப்பா?"

"இனிமேல் லைற்றைப் போட்டிட்டு வா அம்மா" என்றேன்.

போன கிழமை இதே கதவுச் சத்தத்துக்கு நான் கள்ளனென்று துவக்குப் பெட்டகத்தைத் திறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை.