பின்னல் என்று நினைத்த நிழல்

மார்ச் 4
இன்று முப்பத்தெட்டு நெஞ்சுப் படம். "மூச்ச இழுங்க, பிடிங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. கடைசியாக அக்கா, மூன்று வார இருமலோடு. டாக்டர் சீட்டு கிடையாது, பதிவு கிடையாது. தங்கை எக்ஸ்ரே எடுக்கிறவளாயிற்றே!

வாய் ஓயாமல் பேசியதில் பின்னலை மேலே தூக்கிக் கட்டச் சொல்ல மறந்தேன். படத்தில் வலது நுரையீரலின் உச்சியில், காறை எலும்பை ஒட்டி, மங்கலாக ஒரு வெள்ளை. தோளில் கிடந்த பின்னல்தான். அடர்ந்த முடி இப்படித்தான் விழும். இன்னொன்று எடுக்கலாம் என்றால், "போதும்டி, பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துடுவா" என்று கிளம்பிவிட்டாள்.

மார்ச் 5
படம் பார்த்துச் சொல்லும் டாக்டரிடம் காட்டவில்லை. பின்னலைக் காட்டினால் சிரிப்பார். உறையில் போட்டு வீட்டு அலமாரியில் வைத்தேன்.

ஜூலை 19
அக்கா பாதியாக இளைத்துவிட்டாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இன்று நானே அவளுக்கு உச்சியில் கொண்டை போட்டுவிட்டு எடுத்தேன்.

வெள்ளை அங்கேயே இருக்கிறது. எலுமிச்சம்பழம் அளவு.

காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாக விழும், கறுக்க வேண்டிய இடம் வெளுத்தால் விடாதே — புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறவள் நான். அன்னைக்கு என் கண்ணு எங்க போச்சு?

"பழைய படம் இருக்கா? பக்கத்துல வச்சுப் பாத்தா எவ்வளவு வேகமா வளருதுன்னு தெரியும்" என்றார் டாக்டர்.

"இல்ல சார்."

ஜூலை 20
அலமாரியைத் திறக்கவில்லை.

ஜூலை 22
பழைய படத்தை டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டையும் விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 3
புற்றுநோய்தான். கல்லீரல்வரை பரவிவிட்டது. மார்ச்சிலேயே காட்டியிருந்தால் என்று கேட்டேன். "ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்" என்றார்.

ஆகஸ்ட் 9
அக்காவிடம் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல்.

"கோவமான்னு கேக்காத. ஆமா, கோவம்தான். ஆனா பொண்ணுகிட்ட சொல்லிடாத. அப்பாவும் இல்லாத புள்ள. உன்னையும் வெறுத்துட்டு அவ எங்கடி போவா?"

பாவி நான். படுபாவி.

நவம்பர் 27
அக்கா போய்விட்டாள்.

டிசம்பர் 14
அக்கா பெண் பெட்டியோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். இருவருமாக அவள் துணிகளை அடுக்கினோம். சாப்பிடும்போது கேட்டாள்: "சித்தி, அம்மாவுக்கு முன்னாடியே ஒரு படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"சில நேரம் தெரியாதும்மா" என்றேன்.

தலையாட்டினாள். தட்டை என் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள்.