மதகை இறக்கச் சொல்கிறார்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் நம் மாமா, ஊர் விவசாயிகளோடு நான் வேலை பார்க்கும் இந்த அடுத்த மாநிலத்து அணைக்கே வந்துவிட்டார். மதகு அறையில் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, நம்ம மாப்பிள்ளைதானே இங்க இருக்கான்! பட்டனைத் தட்டுடா, பயிர் பொழைக்கட்டும்."

"ரெண்டு மாநிலமும் பேசி முடிச்ச அளவுதான் திறக்கலாம் மாமா. மழை இல்லாததால அதையும் பாதியாக்கிட்டாங்க."

"அப்புறம் நீ எதுக்குடா இங்க உட்கார்ந்திருக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். மாமா மட்டும் குடிக்காமலே பஸ் ஏறிவிட்டார். அவரிடம் கோபப்படாதீர்கள்.

இங்கேயும் அணையில் தண்ணீர் வற்றிப் பாறை தெரிகிறது. நான் திருட்டுத்தனமாக நம் ஊருக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று இந்த ஊர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கடையில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதெல்லாம் பழகிவிட்டது.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் போன் பண்ணுங்கள். வராவிட்டாலும் பண்ணுங்கள்.

மேலதிகாரி கூப்பிடுகிறார். மதகை இன்னும் கொஞ்சம் இறக்கித் தண்ணீரைக் குறைக்க வேண்டுமாம். மேட்டு வயலில் நாற்று நட்டுவிடாதீர்கள் அப்பா. நான் போய் இறக்க வேண்டும்.

உங்கள் மகன்