வல்லிபுரம் ஊரோ, ஆளோ?

பலேர்மோ
12.3.1996

அன்புள்ள ஐயாவுக்கு, யசிந்தன் எழுதுறன். நானும் ரதியும் சுகம். உங்கட முழங்கால் நோ குறைஞ்சதோ?

நான் வேலை செய்யிற வீட்டு இங்கிலாந்து அம்மாவின்ர குடும்பப் பேர் பிராட்போர்ட். அது ஒரு ஊராம். ஆத்தை நடந்து கடக்கிற அகலமான இடம் எண்டு அர்த்தமாம்.

என்ர பெர்மெஸோ, அதுதான் இஞ்சை இருக்கத் தாற அனுமதிப் பேப்பரில, குடும்பப் பேரைப் பார்த்திட்டு, "வல்லிபுரம் எந்த இடம்?" எண்டு கேட்டா.

"இடமில்லை, என்ர ஐயாவின்ர பேர்" எண்டன்.

பிறகுதான் குழம்பிப்போனன். எங்கட பக்கம் வல்லிபுரம் எண்டு ஊரும் இருக்கெல்லோ! ஆனால் நாங்கள் அந்த ஊர் ஆக்களில்லையே.

வாற மாதம் எங்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இஞ்சை உங்கட பேர்தான் குடும்பப் பேராய் வரும். அப்பு ஏன் உங்களுக்கு அந்தப் பேர் வைச்சவர்? பக்கத்தில இருந்த காலத்தில நான் கேக்கேல்லை. நாலு பக்கமெண்டாலும் எழுதுங்கோ, உங்கட கையாலை. பிள்ளை கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?

வேலை வீட்டு அம்மா கூப்பிடுறா, போறன்.

உங்கட மகன்
யசிந்தன்