உன் பட்டியலின் முதல் வரி

அன்புத் தங்கை மரகதத்துக்கு,

நலம் விசாரிக்க இனி வழியில்லை. ஆகையால் குறைகளை முதலில் எழுதிவிடுகிறேன்.

1. தை 12. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் எதைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று ஜில்லா முழுவதற்கும் ஒரே பட்டியல் வகுப்பதற்காகக் கூடிய கமிட்டி, நீ எழுதி அனுப்பிய பதினான்கு இனங்களையும் ஏற்றுக்கொண்டது. முதல் இனமாகிய 'பிறர் கையால் எழுதிய கடிதத்தைப் படித்தல்' என்பதை மட்டும் இரண்டாம் வகுப்பிலிருந்து எடுத்து ஐந்தாம் வகுப்பில் வைத்தது.

2. பங்குனி 9. நீ போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதே கமிட்டி எழுந்து நின்று உனக்கு அஞ்சலி செலுத்தியது. உட்கார்ந்ததும், அந்தப் பட்டியலை உன் பெயரால் அச்சிடத் தீர்மானித்தது.

3. சித்திரை 3. அச்சுப் படி பிழைதிருத்த என்னிடமே வந்தது. முகப்பில் 'காலஞ்சென்ற ஆசிரியை மரகதம்மாள் வகுத்தது' என்றிருந்தது. கூடவே தலைவரின் குறிப்பு: பெயரை வெளியிடக் குடும்பத்தாரின் சம்மதத்தை எழுதி அனுப்பவும்.

4. மறுபடியும் தை 12. அந்தக் கூட்டத்தில் நானும் உறுப்பினன். நான் வாயைத் திறக்கவில்லை.

நான்காவதற்கு யாரிடம் விளக்கம் கேட்பது? அன்று மாலை உன் கட்டிலருகே வந்து, "பதினாலும் நிறைவேறியது" என்றேன். "முதலாவதுமா?" என்று கேட்டாய். ஆமென்று தலையை அசைத்தேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்போடுதான் உன்னை அனுப்பிவைத்தேன்.

எனக்கு அது சிறு மாற்றமாகப் பட்டது. அச்சு தெரிந்த பிள்ளைக்குக் கையெழுத்து தானாக வரும் என்று முப்பது வருஷமாக நம்பியவன் நான். உன்னிடமே அதைச் சொல்லியிருக்கிறேன். "ஏனுங்க அண்ணா, உங்க கடுதாசியே எனக்கு மூணு தடவை படிச்சாத்தான் வெளங்குது. நான் ட்ரெயினிங் முடிச்சவ" என்றாய். நான் சிரிக்கவில்லை. என் எம்.ஏ. பட்டத்தைக் குறித்து ஏதோ சொன்னதாக ஞாபகம்.

நீயோ வீடு வீடாகப் போய்ப் பழைய தபால் கார்டுகளை இரவல் வாங்கி வந்து, இரண்டாம் வகுப்புக்கு அவற்றையே பாடமாக வைத்தாய். கிறுக்கல், அடித்தல், மை ஊறிய எழுத்து, புள்ளியே இல்லாத மெய்யெழுத்து, எல்லாவற்றையும் உன் பிள்ளைகள் படித்தார்கள். பிள்ளை எந்த வருஷம் பள்ளியை விட்டு நின்றுவிடும் என்று நமக்குத் தெரியாது, நிற்பதற்குள் கையில் எதைக் கொடுத்து அனுப்புகிறோமோ அதுதான் அவசியம் என்று பட்டியலின் ஓரத்தில் எழுதியிருந்தாய். அந்த ஓரக் குறிப்பை அச்சுப் படியில் காணோம்.

தை மாதத்தில் கேட்க வேண்டியதைச் சித்திரையில் போய்க் கேட்டேன். தலைவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே புஸ்தகம் இருக்கு சார். ஒரே கடுதாசி இருக்கா? எதை வெச்சு இன்ஸ்பெக்ஷன் பண்ணறது?"

"பரீட்சை வைக்க முடியாதது அவசியம் ஆகாதா?"

"அஞ்சாவதுல இருக்கே சார். எடுத்தா விட்டோம்? உங்க தங்கச்சி பேரு நிலைக்கட்டும்னு நாங்க பார்க்கறோம், நீங்க வகுப்பு நம்பரைப் பார்க்கறீங்க."

அன்று முதல் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, மரகதம். நாற்காலியை விட்டு எழுகிறேன், ஜன்னல் வரை போகிறேன், திரும்புகிறேன். கடைசியில் அச்சுப் படியைப் பையில் வைத்துக்கொண்டு, ராசிபுரத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்குப் போனேன். உன் பள்ளிக்கு அல்ல. நீ கால் வைக்காத பள்ளி ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாம் வகுப்பு வாசகப் புத்தகத்தைப் பிள்ளைகள் தடங்கலில்லாமல் படித்தார்கள். நான் எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு பெண் இடுப்புச் சேலையில் முடிந்திருந்த கார்டோடு வாசலில் வந்து நின்றாள். புருஷன் இலங்கையில், கண்டித் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறானாம். அவள் மகன் அந்த வகுப்பில்தான், முதல் வரிசையில், சற்றுமுன் நன்றாகப் படித்தவன். கார்டை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

"அச்சுல இருந்தாத்தான் படிப்பானாமுங்க" என்று அவள் என்னிடம் சொன்னாள். "இவிய அப்பன் அங்கிருந்து அச்சுப் போட்டா அனுப்புவாரு?"

"வேறு யாரும் படித்துச் சொல்லவில்லையா, அம்மா?"

"கணக்குப்பிள்ளை ஊட்டுக்குக் கொண்டு போலாமுங்க. அவரு படிச்சா ஊரே படிச்ச மாதிரிங்க."

நான் படித்தேன். குழந்தைக்கு அம்மை இறங்கிவிட்டதா, உடனே எழுது என்றிருந்தது. அம்மை இறங்கிப் பல நாளாகிவிட்டதாம். கார்டு வந்ததும் பல நாள் முன்புதான். அங்கே ஒருவன் அத்தனை நாளும் என்னவென்று நினைத்துக்கொண்டிருந்திருப்பான்?

ஆசிரியர் என் பக்கம் குனிந்தார். "கையெழுத்துப் படிக்கறது அஞ்சாவதுப் பாடமுங்க, சார். புதுப் பட்டியல்ல அப்படித்தான் வருதுன்னாங்க."

"சரி, உங்கள் ஐந்தாம் வகுப்பு எங்கே?"

"இங்க ஏதுங்க அஞ்சாவது? மூணோட சரிங்க."

ஜில்லாவில் எத்தனையோ கிராமப் பள்ளிகள் மூன்றோடு நிற்பவை என்று கமிட்டியில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வகுப்பே இல்லாத இடத்தில் பாடத்தை வைத்துவிட்டு, எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டோம். அதற்கு மேலே உன் பெயர். இனி ஒவ்வொரு ஆசிரியரும் அதை விரித்து, இப்படி வகுத்தது மரகதம்மாள் என்று நினைப்பார். இரவல் கார்டுகளோடு தெருத்தெருவாக நடந்தவளா இதை எழுதினாள் என்று கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்.

அச்சுப் படியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு பிழையும் திருத்தவில்லை. திருத்த வேண்டியது எழுத்துப் பிழை அல்ல.

இதை நீ படிக்கப் போவதில்லை. படிக்க வேண்டியவர்கள் படிப்பார்கள் என்பதற்காகவே வெளியிடுகிறேன். அவர்களுக்கு: முதல் இனம் இரண்டாம் வகுப்புக்குத் திரும்ப வேண்டும், அல்லது முகப்பிலிருந்து என் தங்கையின் பெயர் போக வேண்டும். இரண்டில் எது என்பதைத் தலைவர் தம் கையொப்பத்துடன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாய்மொழிச் சமாதானம் ஏற்கப்படாது. கெடு வைகாசி 15, மாலை ஐந்து மணி.

குடும்பத்தாரின் சம்மதம் கேட்டிருக்கிறார்கள், மரகதம். குடும்பம் என்று இப்போது இருப்பவன் நான் ஒருவன். தை 12-ல் நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்: சம்மதம் இல்லை. முதல் வரி அதன் இடத்துக்குத் திரும்பும் வரை, யார் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

உன்னிடம் ஒரே ஒரு முறை பொய் சொன்ன,
உன் அண்ணன்