ஆர்லனின் மட்டையைத் தொட்டுவிட்டேன்

ஒனொண்டாகா,
செவ்வாய்க்கிழமை

என் கண்ணு டெலியாவுக்கு,

நீ நல்லா இருக்கிறதுக்கு நன்றின்னு சொல்லித்தான் நம்ம ஆளுங்க பேச்சையே ஆரம்பிப்போம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரலை, நீ நல்லா இருக்கியான்னு தெரிஞ்சாத்தானே நன்றி சொல்ல. இங்க நான், அப்பா, உன் அண்ணன் ஆர்லன் எல்லாரும் உடம்புக்குக் குறைவில்லாம இருக்கோம். முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சதுலேர்ந்து மூணு வாரமா நீ போனை எடுக்க மாட்டேங்கிறே, அதான் கடுதாசி, இதையாவது கிழிச்சுப் போடாமப் படி. எனக்கு ஒரு இடத்துல உட்கார முடியலை, காலையிலிருந்து சமையல்கட்டை ரெண்டு தடவை துடைச்சாச்சு, மக்காச்சோள சூப்பை அடுப்புல வச்சுட்டுத் தபால் வண்டிச் சத்தம்னு வாசலுக்கு ஓடினேன், அது பக்கத்து வீட்டு லாரி, திரும்பி வந்தா சூப்பு அடிப்பிடிச்சுப் போச்சு. அப்பா அதையே ரெண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஃப்ளோரிடாவுல உன் கூடத் தங்கியிருக்கிற பொண்ணு ஆர்லன்கிட்டச் சொன்னாளாம், நீ உன் வலை மட்டையெல்லாம் ஜூனியர் பொண்ணுங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டியாம், இனி லாக்ரோஸ் ஆட்டத்துப் பக்கமே போக மாட்டியாம், வீட்டுக்கும் வர மாட்டியாம். அந்தக் கடைசி விஷயந்தான் என்னைத் தூங்க விடலை. எட்டு வயசுல உனக்கு பிளாஸ்டிக் மட்டை வாங்கிக் குடுத்தப்போ பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இதுன்னு ஊர்ல பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, குலத்துக்கே தாய்னு உட்கார்த்தி வச்சிருக்காங்களே உன் ஃபே பெரியம்மாவை, அவளே ஒரு வருஷம் என்கூடப் பேசலை. அப்புறம் நீ பெரிய பையன்களை ஏமாத்திட்டு ஓடுறதைப் பார்த்துட்டு, மர மட்டையைத் தொடாத வரைக்கும் சரிதான் போன்னு சொன்னவளும் அவதான். அமெரிக்க அணி கூப்பிட்டப்போ இந்த மண்ணோட பூர்வகுடிகளான எங்க ஜனத்தோட பேர்லதான் ஆடுவேன், எங்க பாஸ்போர்ட்லதான் போவேன்னு நீ சொன்ன அன்னிக்கு, ஃபே மளிகைக் கடையில நின்னு வர்றவங்க போறவங்களையெல்லாம் பிடிச்சு வச்சுச் சொன்னா. நாலு வருஷத்துல இருநூத்திப் பதினேழு கோல், உன் காலேஜ்ல இதுவரைக்கும் ஒருத்தியும் போட்டதில்லை. ஒவ்வொண்ணையும் நான் ஃப்ரிட்ஜ்ல தாள் ஒட்டி எழுதி வச்சேன், உனக்குத்தான் தெரியுமே.

இப்ப நடந்ததைச் சொல்றேன். உன் முழங்காலுக்காக ஆம்பளைங்க மர மட்டையோட ஒரு ஆட்டம் ஆடணும்னு அப்பா போய்க் கேட்டார், நோய்நொடின்னா அது தீர இப்படிக் கேக்குறதுதானே நம்ம வழக்கம், வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறுன்னு முடிவாச்சு. ஆர்லன் தன் மர மட்டையைத் துடைச்சு எண்ணெய் போட்டு வாசல்ல சாய்ச்சு வச்சிருந்தான். போன வியாழக்கிழமை திடீர்னு மழை அடிச்சுது, காயப்போட்ட துணி, செருப்புன்னு எல்லாத்தையும் வாரிக்கிட்டு ஓடிவந்தவ, அந்தப் பரபரப்புல மட்டையையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டு உள்ள வந்துட்டேன். இந்த ஐம்பத்திமூணு வயசுல ஒரு தடவை கூடத் தொட்டதில்லைடி! பொம்பளை கை பட்டா அந்த மட்டை அப்புறம் ஆட்டத்துக்கு ஆகாதுன்னு உனக்கே நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சட்டுன்னு கீழ போட்டுட்டேன். என் பொண்ணோட காலை நானே கெடுத்துட்டேனேன்னு ஒரே அழுகை.

ஆர்லன் வந்தான், மட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இதனால அவ கால் சரியாகாமப் போயிடுமாடான்னு கேட்டேன். உன் அண்ணன் வாய் எப்படின்னு உனக்குத் தெரியும். மாமாகிட்ட வேற மட்டை இரவல் வாங்கிக்கிறேன், அதை விடும்மான்னான். அவ வீட்டுக்கு வராததுக்கு மட்டையா காரணம், அரையிறுதியில விழுந்து ஆஸ்பத்திரியில காலைப் பிடிச்சுக்கிட்டுக் கதறிட்டிருந்தா, அம்மா நீ உள்ள நுழைஞ்சதும் என்ன கேட்டே, விழறதுக்கு முன்னாடி போட்ட கோல் கணக்குல சேருமா, அதோட மொத்தம் எத்தனைன்னு கேட்டே, அவ அப்பவே சுவத்துப் பக்கம் திரும்பிட்டாள்னு சொன்னான். எனக்கு ஞாபகமே இல்லைடி, சத்தியமா இல்லை, அதுதான் கொடுமை. பத்து வருஷமா ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் அதையே கேட்டுக் கேட்டு, சாப்பிட்டியான்னு கேக்குற மாதிரி வாய்க்குப் பழகிப் போயிருக்கு. மன்னிச்சுக்கோன்னு எழுதினாப் போதுமான்னு தெரியலை, இருந்தாலும் எழுதுறேன், மன்னிச்சுக்கோ.

வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் காரை எடுக்குறோம், ஃப்ளோரிடாவுக்கு இருபது மணி நேரம், சனிக்கிழமை மத்தியானம் உன் வாசல்ல இருப்போம். உன்னைக் கட்டி இழுத்துட்டு வர இல்லை. நீ வந்தா, உனக்காக அவங்க ஆடுறதைக் கோட்டுக்கு வெளிய உட்கார்ந்து பாரு. வரலைன்னா அப்பா மட்டும் திரும்பட்டும், நான் உன்கூட இருந்து சமைச்சுப் போடுறேன். இனி நீ ஆடுறதும் ஆடாததும் உன் இஷ்டம், ஒரு கோலும் போடாட்டியும் நீ என் மகதான்.

நம்மைப் படைச்சவர் துணையா இருக்கட்டும், உன் மனசும் காலும் சீக்கிரம் தேறட்டும். ஊன்றுகோல் இல்லாமப் படி இறங்காதே, ஐஸ் வைக்க மறக்காதே. சனிக்கிழமை நான் தட்டினாக் கதவைத் திற. இந்தத் தடவை ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், ரொம்ப வலிக்குதாடி?

உன் வழியையே பார்த்துக்கிட்டிருக்கிற அம்மா,
மார்வா