காதில்லாத பிள்ளைக்கு ஒரு ஜோடித் தோடு

வாழவந்தி நாடு, கொல்லிமலை
12 மார்ச் 2025

தம்பி தனபாலுக்கு,

அக்கா அருள்மொழி எழுதுவது. நலமா என்று கேட்க மனசு வரவில்லை. ஊர் ஊராய்ப் போர்வெல் போட்டுக்கொண்டு நீ நன்றாகத்தான் இருப்பாய். நீ போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் ‘அக்கா, அக்கா’ என்று குழைந்தே என் வாயை அடைத்துவிடுவாய். எழுதிப் பதில் சொல்.

நேற்று ஆர்த்தியை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அறைக்குள் இந்த முறை நானே போனேன். போன முறை நீ போனாய். பாப்பா அப்போது கைக்குழந்தை, இப்போது மூன்று வயது. உன் மச்சான் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, கால் ஒடிந்து வீட்டில் கிடந்தார். நான் வெளியே பெஞ்சில் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ வெளியே வந்து என்ன சொன்னாய்? “பத்து வயசுல ஆபரேசன் பண்ணிக் காது வெச்சுருவாங்களாம் அக்கா. அது வரைக்கும் ஒண்ணும் பண்ண வேண்டாமாம். முடிய வளத்து மூடி வெச்சுக்கோங்க.”

நேற்று டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கத்தினார். “ஏம்மா, காது வடிவத்துக்குத்தான் பத்து வயசுன்னு சொன்னேன். கேக்கறதுக்கு உடனே கருவி மாட்டணும், அடுத்த வாரமே வாங்கன்னு உன் தம்பிகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே? பேச்சு வர்ற வயசெல்லாம் போயிட்டே இருக்கே!”

இவளுக்கு உள்காது நன்றாக இருக்கிறதாம். வெளியே வழிதான் அடைபட்டிருக்கிறதாம். தலையைச் சுற்றி ஒரு பட்டை கட்டி, அதில் சின்னக் கருவி மாட்டினால் எலும்பு வழியாகவே சத்தம் உள்ளே போகுமாம். அன்றைக்கே மாட்டியிருந்தால் இந்நேரம் என்னை அம்மா என்று கூப்பிட்டிருப்பாள்.

ஏன் மறைத்தாய்? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும்.

அருள்மொழி


ராய்ப்பூர்
28 மார்ச் 2025

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி தனபால் வணக்கத்துடன் எழுதுவது. மச்சானுக்கும் என் வணக்கம். கடிதம் ஆபீஸுக்கு வந்து, போர்வெல் வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து சேர நாளாகிவிட்டது. படித்ததும் வேலையே ஓடவில்லை.

டாக்டர் வேக வேகமாகப் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. சரி, பொய் சொல்லவில்லை, புரிந்தது. ஆனால் என் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையில் மெஷின் கட்டிய குழந்தை வீட்டில் இருந்தால் “வம்சத்துலயே இருக்குமோ”ன்னு கேட்பார்கள். ஏற்கெனவே ஓர் இடம் அப்படித்தான் தட்டிப்போனது. கல்யாணம் முடிந்ததும் நானே கூட்டிக்கொண்டு போய் எல்லாம் செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். தள்ளிப்போய்விட்டது.

இப்போது பேளுக்குறிச்சியில் ராதிகா வீட்டில் நிச்சயம் செய்துவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம். அது வரைக்கும் பொறுங்கள். பாப்பாவை மலையிலிருந்து கீழே கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தாயில்லாத என்னை வளர்த்தவர் நீங்கள். என் வாழ்க்கையைக் கெடுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் தம்பி,
தனபால்


வாழவந்தி நாடு
20 ஏப்ரல் 2025

தனபால்,

உன் கடிதத்தை உன் மச்சானிடம் படித்துக் காட்டினேன். மனுஷன் எழுந்து மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அப்படிப் போக முடியவில்லை.

உன் வாழ்க்கையை நான் கெடுக்கிறேனா? இவள் வாழ்க்கை யாருடையது? பின்னால் லாரி வந்தால் இவளுக்குத் தெரியாது. அடுப்பில் கை வைக்கப் போனால் கத்தித் தடுக்க முடியாது, ஓடித்தான் பிடிக்க வேண்டும். அங்கன்வாடிப் பிள்ளைகள் “ஊமச்சி”ங்கறாங்க. அதைக் கேட்க அவளால் முடியாது, எனக்குக் கேட்கிறது. உனக்குப் பெண் கிடைக்க இவள் ஊமையாக இருக்க வேண்டுமா? தூ!

வம்சம் என்கிறாயே, அதையும் கேட்டேன். பெரும்பாலும் வம்சத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டரம்மா. நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உனக்கும் சொல்லியிருப்பார்.

கருவி வந்துவிட்டது. பிள்ளை நெற்றியில் பட்டை கட்டிக்கொண்டு, பொத்தான் மாதிரி கருவியோடு உட்கார்ந்திருக்கிறாள். பிய்த்துப் பிய்த்து எறிகிறாள், அழுகிறாள். ‘சத்தம் என்றால் என்ன என்றே அவளுக்குத் தெரியாது, பழக நாளாகும், தாமதமாகத்தான் வந்திருக்கிறீர்கள்’ என்றார்கள். அந்தத் தாமதம் உன்னுடையது.

இப்போது நான் சொல்வதைக் கேள். வைகாசியில் நம் கோயிலில் ஆர்த்திக்கு மொட்டை. காது குத்து கிடையாது. காதிருக்க வேண்டிய இடத்தில் மொச்சைக்கொட்டை அளவு இருக்கும் சதை பின்னால் ஆபரேஷனுக்கு வேண்டுமாம், ஊசி படக்கூடாதாம். ஆனால் தாய்மாமன் மடி வேண்டும். உன் மடியில் உட்கார வைத்து மொட்டை அடித்து, ஊர் பார்க்க நீயே அந்தப் பட்டையைக் கட்ட வேண்டும். ராதிகா வீட்டாரையும் அழைத்து வா. மூடி மறைக்க அன்றைக்கு அவள் தலையில் முடி இருக்காது.

வந்தால் தாய்மாமன். வராவிட்டால் எனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை.

அருள்மொழி


ராய்ப்பூர்
18 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. மழைக்கு முன்னால் போட வேண்டிய போர் நிறைய இருக்கிறது என்கிறார் ஓனர். கோபப்படாதீர்கள்.

தாய்மாமன் சீரில் குறை வைக்க மாட்டேன். பார்சலில் பாப்பாவுக்கு ஒரு ஜோடித் தங்கத் தோடு அனுப்பியிருக்கிறேன். சிவப்புக்கல் வைத்தது. சபையில் தட்டில் வைத்துக் காட்டுங்கள், மாமன் செய்தான் என்று நாலு பேர் பார்க்கட்டும். மொட்டையை மட்டும் ஆவணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமே? முடியாதென்றால் போட்டோவில் பாப்பா தலைக்குத் துணி கட்டிவிடுங்கள். ராதிகா வீட்டுக்கு யாராவது அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் தம்பி,
தனபால்


வாழவந்தி நாடு
15 ஜூன் 2025

தனபாலுக்கு,

மொட்டை முடிந்தது. மடிக்கு ஆள் இல்லாமல் பூசாரி தயங்கினார். “மாமன் எங்கீங்க?” என்று கேட்டார். “இல்லீங்க” என்றேன். உன் மச்சான் அன்று ஒடிந்து மடங்காமல் போன காலை நீட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்து, அவரே மடியில் வாங்கிக்கொண்டார். அப்பன் மடியில் மொட்டை அடித்ததற்கு ஊர் நாலு விதமாகப் பேசியது. பேசட்டும்.

காதே இல்லாத பிள்ளைக்குத் தோடு அனுப்பியிருக்கிறாயே, கடையில் வாங்கும்போது உனக்கு உறைக்கவில்லையா? எங்கே மாட்டுவது என்று ஒரு நொடி யோசித்திருந்தால் இந்தப் பிள்ளையின் முகம் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். வரவில்லை.

அந்தத் தோட்டை நான் தட்டில் வைக்கவில்லை. நேற்றுச் சந்தைக்கு இறங்கினோம். பேளுக்குறிச்சியில் ராதிகா வீட்டுக்குப் போய் அவள் கையிலேயே கொடுத்தேன். ஆர்த்தி இடுப்பில் இருந்தாள். மொட்டைத் தலை, பட்டை, காதில்லாத இரண்டு பக்கம், எல்லாமே தெரிந்தது. அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. பாப்பா கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சிவிட்டு, கருவியைக் காட்டி, “இத எப்பங்க மாட்டியிருக்கோணும்?” என்று கேட்டாள். சொன்னேன். “அப்புறம் ஏனுங்க லேட்டு?” என்றாள். அதையும் சொன்னேன். எழுந்து உள்ளே போய் மோர் கொண்டு வந்து வைத்தாள். அவள் என்ன முடிவெடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. அது உங்கள் இரண்டு பேர் பாடு.

வீட்டுக்கு வந்து மரவள்ளி அவித்துக்கொண்டிருந்தேன். ஆர்த்தி வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். உள்ளே போன் அடித்தது. அவள் பிறந்த நாளிலிருந்து அந்தப் போன் அவள் பக்கத்தில் எத்தனையோ முறை அடித்திருக்கிறது. நேற்று நின்றாள். கோழியை விட்டுவிட்டாள். மெதுவாக உள்ளே வந்து, தேடித் தேடி, போன் இருந்த அலமாரிக்குக் கீழே போய் நின்று கையை நீட்டிக் காட்டினாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

போனில் உன் பெயர் இருந்தது. ராதிகா உன்னிடம் பேசியிருப்பாள் போலிருக்கிறது. என் பிள்ளை முதன்முதலாகக் கேட்டுத் திரும்பிய சத்தம் உன் அழைப்பு.

நின்று நின்று திரும்பத் திரும்ப அடித்தாய். ஒவ்வொரு முறையும் அவள் என் முகத்தைப் பார்த்துக் கையைக் காட்டினாள், எடு என்பது போல. அவளுக்காக அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டேன்.

ஆர்த்தியின் அம்மா,
அருள்மொழி