பல் டாக்டருக்கு ஒரு லாகின் பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் லாகின் வேலை செய்யவில்லை. சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் 'தவறு' என்கிறது. மகள் பிறந்ததிலிருந்து வீட்டிலேயே இருந்துவிட்டு, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. பல் டாக்டர்தான் முதலில் நம்பிக் கொடுத்திருக்கிறார். நோயாளிகள் அவரவர் எக்ஸ்ரேயை மட்டும் பார்க்கிற மாதிரி ஓர் இணையதளம். இதைச் சொதப்பினால் அப்புறம் யார் என்னை நம்பி வருவார்?

மாமியார் எட்டிப் பார்த்தார். "காலையிலேர்ந்து அதையே மொறைச்சுக்கிட்டு இருக்கியே, பயந்துடப்போகுது."

மார்ச் 6

உள்ளே போய்விட்டேன்! பாஸ்வேர்டைத் தளம் உருமாற்றிச் சேமிக்கிறது. நானோ தட்டியதை அப்படியே அதோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். எப்படிப் பொருந்தும்? மண்டு.

மார்ச் 8, சனி

டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. திங்கக்கிழமை எல்லாருக்கும் அனுப்பிடலாம்" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மாமியாரும் இந்த டாக்டரிடம்தான் பல் கட்டியிருக்கிறார். நான் பெருக்கினாலும் குறை, துணி மடித்தாலும் குறை. இதிலும் சொல்லட்டுமே என்று போனில் தளத்தைத் திறந்து கொடுத்தேன். தன் எக்ஸ்ரேயைப் பார்த்து, லாக்-அவுட் செய்து வெளியே வந்த பிறகு, அந்தப் பக்கத்தின் முகவரியையே மறுபடி தட்டியிருக்கிறார்.

"பாஸ்வேர்டே கேக்கலையேம்மா. என் பல்லு நேரா வந்து நிக்குது."

வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே அறைகளை எல்லாம் திறந்து போட்டிருக்கிறேன். முகவரியின் கடைசி எண்ணை மாற்றினேன் — வேறு யாருடைய தாடையோ. ஐயோ.

நாளைக்குள் சரிசெய்ய எனக்குத் தெரியாது. சொன்னால் வேலை போய்விடுமா? போனா போகட்டும்னு சொல்ல மனசு வரல. எவ்வளவு ஆசைப்பட்டேன் இதுக்கு.

மாமியார் கண்டுபிடித்ததைச் சொல்லிவிட்டேன். டாக்டர், "வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?" என்றார். குரலில் சனிக்கிழமைச் சிரிப்பு இல்லை.

மார்ச் 12

இப்போது ஒவ்வொரு பக்கமும் இரண்டு கேள்வி கேட்கிறது: லாகின் செய்தவரா? இது அவருடைய எக்ஸ்ரேதானா? மாமியார் விதவிதமாக முயன்று பார்த்தார். "விடவே மாட்டேங்குது" என்றார், அதுவும் என் தப்பு என்பதுபோல.

மார்ச் 14, வெள்ளி

தளம் திறந்தாயிற்று. புகார் இல்லை.

மார்ச் 20

டாக்டர் கூப்பிட்டார். அவர் தங்கை கண் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாராம். அங்கேயும் இதேபோல வேண்டுமாம். "உங்க மாமியாரும் சோதிச்சுப் பாப்பாங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டார்.

மாமியாரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"ம், எதை உடைக்கணும், சொல்லு."